மணல் தொட்டியில் ஒரு டைனோசர்

ஐந்நூறு ரூபாய்க்குள்ளேயே இப்போது டைனோசர் கிடைக்கிறது. செங்கல் அளவுக்கு ஒரு பிளாஸ்டர் கட்டி. கூடவே பிளாஸ்டிக் உளி, குட்டிச் சுத்தியல், ஒரு பிரஷ். பையன் அரை நாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுரண்டினால் உள்ளேயிருந்து எலும்புக்கூடு வெளியே வரும். வாங்கிக் கொடுக்கிற அப்பா அம்மாக்கள், பிள்ளைக்குத் தொல்லியல் ஆர்வம் வந்துவிட்டது என்று பூரித்துப் போகிறார்கள்.

வரவில்லை. முதல் காரணம், டைனோசரைத் தோண்டுகிறவர் தொல்லியல்காரரே அல்ல. அது தொல்லுயிரியல், வேறு டிபார்ட்மென்ட். கடைசி டைனோசர் கண்ணை மூடி ஆறரைக் கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொல்லியலுக்கு மனுஷன் வேண்டும். அவன் செய்து, பயன்படுத்தி, உடைத்து, தூக்கிப் போட்ட சாமான் வேண்டும். இரண்டாவது காரணம் கொஞ்சம் பெரிசு. அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஓசூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், காபி கொடுத்து உபசரித்தார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு ஒருநாள் தொல்லியல் முகாம். மைதானத்தின் மூலையில் பத்தடிக்குப் பத்தடி தொட்டி கட்டி, ஒரு லோடு எம்-சாண்ட் கொட்டியிருந்தார்கள். உள்ளே புதைத்திருந்தவை: சந்தையில் வாங்கி உடைத்த மண்பானை, செல்லாத பழைய காசுகள், பாசிமணி, ஒரு பித்தளை விளக்கு. போதாக்குறைக்கு, பிள்ளைகளுக்குக் குஷியாக இருக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் டைனோசர். நாலு டீம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். விசில் ஊதியதும் இருபது நிமிஷம். எந்த டீம் அதிகம் எடுக்கிறதோ அதற்கு மெடல்.

பிள்ளைகள் பாய்ந்த வேகத்தைப் பார்க்கவேண்டுமே! ஜல்லிக்கட்டு தோற்றது. “மிஸ், எனக்குக் காசு!” “டேய், அது எங்க டீமோட பானைடா!” பெற்றோர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். இருபது நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான வருஷ வரலாறு வாளிகளில் வந்து சேர்ந்தது. மஞ்சள் டீமுக்கு மெடல்.

காசு எடுத்த மஞ்சள் டீம் சிறுமியிடம் கேட்டேன். “இது எங்கம்மா இருந்துச்சு?”

“உள்ளதான் அங்கிள்.”

“உள்ளன்னா... எவ்வளவு ஆழத்துல? பக்கத்துல என்ன இருந்துச்சு? பானை ஓடு மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா?”

சிலபஸில் இல்லாத கேள்வியைக் கேட்ட எக்ஸாமினரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். அவள் மேல் தப்பில்லை. அதற்குள் தொட்டியில் மேலும் இல்லை, கீழும் இல்லை. மணல் முழுக்க ஒரே குவியல்.

அந்த முகாமில் மகிழ்ச்சி நிஜம், உழைப்பு நிஜம், செலவும் நிஜம். இல்லாமல் போனது தொல்லியல் மட்டும்தான். பிள்ளைகள் கற்றுக்கொண்டது புதையல் எடுப்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று பங்காளிகூட இல்லை, பகையாளி.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். ராணுவத்திலிருந்து வந்த ஆசாமி. பள்ளத்தின் சுவர்கள் நூல் பிடித்தமாதிரி நேராக நிற்கவேண்டும் என்பதில் பிடிவாதக்காரர். காரணம் அழகுணர்ச்சி அல்ல. சுவர் நேராக இருந்தால்தான் மண்ணடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். அங்கே இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அந்தப் பாண்டம் எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். ஆகவே அதே அடுக்கில் கூடக் கிடந்த நம்மூர்ப் பானைக்கும் வயசு தெரிந்துபோயிற்று. அந்தப் பானையை வைத்துக்கொண்டு 1947-ல் கர்நாடகாவில் பிரம்மகிரிக்குப் போனார். அங்கே இருந்த பெருங்கற்காலப் புதைகுழிகளுக்கு ஓர் உத்தேசக் காலம் கணிக்க முடிந்தது. ஒரு ஓடு, பக்கத்து ஓட்டுக்குச் சாட்சி. அது இன்னொரு ஊர்க் கல்லறைக்குச் சாட்சி. இந்தச் சாட்சிச் சங்கிலி அறுந்துபோக, யாராவது ஒருவர் அந்த இத்தாலி ஓட்டை “அட, அழகா இருக்கே” என்று எடுத்துப் பாக்கெட்டில் போட்டிருந்தால் போதும்.

அரிக்கமேடு தூரம் என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளேயே வருவோம். மயிலாடும்பாறை. இங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். நாலாயிரம் வருஷத்துக்கும் மேலே. பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது, வாட்ஸ்அப்பில் பெருமை பொங்கியது. பலர் கவனிக்காத ஒரு விஷயம்: அந்த வருஷக் கணக்கு இரும்புத் துண்டில் எழுதியிருக்கவில்லை. கூட இருந்த மண்ணடுக்கின் கரித்துண்டைச் சோதனைச்சாலைக்கு அனுப்பிப் பெற்றது. இரும்பும் கரியும் ஒரே அடுக்கைச் சேர்ந்தவை என்று ஒருவர் நோட்டில் எழுதி, அளந்து, வரைந்து வைத்திருந்ததால்தான் அந்த அறிவிப்பு. நோட்டு இல்லையென்றால் அது பேரீச்சம்பழக் கடைக்குப் போடுகிற பழைய இரும்பு.

ஆக, பொருளைவிட அது இருந்த இடம் முக்கியம். தோண்டுவது என்பது ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் கிழித்துக்கொண்டே படிக்கிற மாதிரி. இரண்டாம் தடவை படிக்க முடியாது. இதைச் சொல்லாமல் ஒரு பன்னிரண்டு வயசுப் பையன் கையில் கரணையைக் கொடுப்பது, டிராஃபிக் ரூல் சொல்லாமல் பைக் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

இந்த வட்டாரத்தில் இது வெறும் புத்தகப் பிரச்னையும் அல்ல. கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைகளில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. மல்லச்சந்திரத்தில் போய்ப் பாருங்கள், பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடி, சுற்றிலும் கல்வட்டம் வைத்து, பாறைமேல் வீடு வீடாக நிற்கும். இந்த மாதிரி இடங்களுக்கு ராத்திரியில் கடப்பாரையோடு வருகிறவர்கள் உண்டு. உள்ளே தங்கம் இருக்கிறது என்று யாரோ ஒரு சாமியார் சொல்லியிருப்பார். உள்ளே இருப்பது எலும்பும் பானையும்தான். தங்கம் கிடைக்காத ஆத்திரத்தில் மூடுகல்லைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ‘அதிகம் எடுக்கிறவனுக்கு மெடல்’ என்பது அந்தக் கடப்பாரைக்காரர்களின் கொள்கை. பள்ளிக்கூடம் அதற்கு சர்டிபிகேட் அடித்துக் கொடுக்கவேண்டாம்.

(சட்டமும் இருக்கிறது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பூமிக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லியாகவேண்டும். பத்து ரூபாய்! அன்றைக்கு அது பெரிய காசு. அனுமதி இல்லாமல் அகழாய்வு என்ற பெயரில் பள்ளம் தோண்டுவதெல்லாம் பள்ளிக்கூடமானாலும் கூடாது.)

அப்படியானால் பிள்ளைகளுக்குத் தொல்லியல் ஒத்துவராத சமாச்சாரமா? அப்படிச் சொன்னால் சரித்திரமே சிரிக்கும். பல நல்ல கண்டுபிடிப்புகளில் முதலில் பார்த்தது சின்னப் பிள்ளைகள்தான். ஸ்பெயினில் அல்தமிரா குகை. 1879. அப்பா குனிந்து தரையையே ஆராய்ந்துகொண்டிருக்க, எட்டு வயசு மகள் மரியா நிமிர்ந்து கூரையைப் பார்த்து “மாடு!” என்றாள். பனியுகத்துக் காட்டெருமை ஓவியங்கள். அப்பா சொன்னதை அறிஞர்கள் இருபது வருஷத்துக்கு மேல் நம்பவில்லை, அது வேறு சோகம். தென்னாப்பிரிக்காவில் மலாபா என்ற இடத்தில் 2008-ல் மனித மூதாதையின் காறையெலும்பைக் கல்லுக்குள் முதலில் கண்டது ஆராய்ச்சியாளர் லீ பெர்கரின் ஒன்பது வயசு மகன், நாயைத் துரத்திக்கொண்டு போனபோது.

நம் அரிக்கமேடும் அப்படித்தான். வீலருக்கு முன்னாலேயே, 1937 வாக்கில் புதுச்சேரியில் இருந்த ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரருக்கு அங்கே கிடைத்த மணிகளைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் உள்ளூர்ப் பொடியன்கள். ரோமானிய முகம் செதுக்கிய ஒரு சின்னக் கல்லும் அந்த இடத்திலிருந்து அவரிடம் வந்து சேர, அகஸ்டஸ் சீசர் என்று சொன்னார். கீழடியின் கதை இன்னும் அழுத்தமானது. 2015-ல் மத்தியத் தொல்லியல் துறை அகழாய்வு ஆரம்பித்ததும் நமக்கு அந்தப் பெயர் தெரிந்தது. ஆனால் 1970-களிலேயே, கிணறு வெட்டும்போது ஏதேதோ பழைய சாமான் வருகிறது என்று மாணவர்கள் வகுப்பில் பேசிக்கொள்ள, அங்கே பாடம் நடத்திய ஆசிரியர் பாலசுப்பிரமணியம் அதை ஒதுக்கித் தள்ளாமல் சேகரித்து வைத்தார், தொல்லியல் துறையின் வேதாசலத்துக்குத் தெரியப்படுத்தினார். “கவனத்தைப் பாடத்துல வைங்கடா” என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

இதில் எந்தப் பிள்ளையும் தோண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பார்த்தார்கள். சொன்னார்கள். அவ்வளவுதான். பெரியவர்களில் ஒருவர் காது கொடுத்தார்.

இதையே ஒழுங்காகச் செய்துகாட்டிய அரசுப் பள்ளி ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி. 2010-லிருந்து அங்கே ஆசிரியர் வே. ராஜகுரு தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்று ஒன்றை நடத்தினார். பிள்ளைகளுக்குத் தமிழி எழுத்தையும் பழைய கல்வெட்டு எழுத்துகளையும் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் தோட்டத்திலும் கண்மாய்க் கரையிலும் தரைமேல் கிடந்த பானை ஓடுகளையும் சீனப் பீங்கான் துண்டுகளையும் இனம் காண ஆரம்பித்தார்கள். சேதுக்கரை, பெரியபட்டினம் என்று கடல் வாணிபம் நடந்த ஊர்களுக்கு நடுவில் இருக்கிற பள்ளி அது; ஆகவே தரையே பாடப்புத்தகம். ஏ.சி. ஹால் இல்லை, எம்-சாண்ட் இல்லை, டைனோசர் இல்லை.

‘அது அந்த மண்ணின் அதிர்ஷ்டம் சார், எங்க ஊர்ல என்ன இருக்கு’ என்று ஓசூர்க்காரர்கள் சொல்லக்கூடும். முகாம் நடந்த பள்ளியிலும் அதைத்தான் சொன்னார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கெலவரப்பள்ளி.

கெலவரப்பள்ளி என்றால் உங்களுக்கு நுரைதான் ஞாபகம் வரும். டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். தென்பெண்ணை நந்திமலைப் பக்கம் புறப்பட்டு, பெங்களூரின் கிழக்கு ஓரமாக வந்து, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் நிற்கிற அணை அது. மதகைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று பனிமலை மாதிரி நுரை கிளம்பி வந்து பாலத்தை மூடும். தெரியாத வெளியூர்க்காரர் செல்ஃபி எடுப்பார், தெரிந்தவர் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

எனக்கு அந்த அணையின் அடியில் படிகிற வண்டலைப் பற்றித்தான் யோசனை. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு படலம். ஒவ்வொரு படலத்திலும் ஒரு பெரிய நகரம் துவைத்தது, குளித்தது, தின்றது, எறிந்தது எல்லாம். இன்னும் ஐந்நூறு வருஷம் கழித்து யாராவது அங்கே பள்ளம் போட்டால் அடுக்கடுக்காக பெங்களூர் கிடைக்கும்.

இது கிண்டல் இல்லை. வில்லியம் ராத்ஜி என்ற அமெரிக்கத் தொல்லியல் பேராசிரியர் 1973-ல் அரிசோனாவில் டூசான் நகரத்துக் குப்பையை அகழாய்வு முறைப்படியே பிரித்து ஆராய ஆரம்பித்தார். மாயா நாகரிகம் படித்த ஆள். மாணவர்களுக்குக் கையுறை கொடுத்து, குப்பைப் பைகளைப் பிரித்து, ரகம் ரகமாக எண்ண வைத்தார். என்ன தெரிந்தது? வீட்டுக்குப் போய் “வாரத்துக்கு எத்தனை பீர் குடிப்பீர்கள்?” என்று கேட்டால் சொல்கிற கணக்கும், தொட்டியில் கிடக்கிற டப்பாக்களின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. மனுஷன் பொய் சொல்வான், குப்பை சொல்லாது. கல்வெட்டில் ராஜா சொல்லிக்கொள்கிற பெருமைக்கும் குப்பைமேட்டில் கிடைக்கிற ஓட்டுக்கும் இதே வித்தியாசம்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஓசூரில் இதைச் செய்வதற்கு என்ன தடை? அணை நுரையில் பிள்ளைகளை இறக்கச் சொல்லவில்லை, அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது. அவரவர் வீட்டிலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் காலி பாக்கெட், டப்பா, பழைய பில், பரணில் கிடக்கிற பிஸ்கட் தகரம் என்று கழுவிக் கொண்டுவரட்டும். எல்லாவற்றையும் மேஜையில் கொட்டி, தேதி அச்சிட்ட இடத்தை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடுங்கள். பிறகு கேளுங்கள்: இது எந்தக் காலத்தது?

சுவாரஸ்யம் இங்கேதான் ஆரம்பம். ஆறு இலக்க பின்கோடு இருக்கிறதா? அப்படியானால் 1972 ஆகஸ்ட்டுக்குப் பிற்பாடு. ரூபாய்க்கு அந்தப் புதுக் குறி, மேலே இரண்டு கோடு போட்டது, அச்சிட்டிருக்கிறதா? 2010 ஜூலைக்குப் பிற்பாடு. பில்லில் ஜி.எஸ்.டி. பிடித்திருக்கிறார்களா? 2017 ஜூலைக்குப் பிற்பாடு. ‘கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர்’ என்று முகவரி இருக்கிறதா? 2004 பிப்ரவரிக்குப் பிற்பாடு, அதற்கு முன் ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. ‘ஓசூர் மாநகராட்சி’ என்று ரசீது இருந்தால் 2019. எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சாமான் என்றால் ‘பெங்களூரு’ என்ற எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக மாறியது 2014 நவம்பரில்.

இப்போது ஒரு கெட்டிக்காரப் பெண் எழுந்து, “அப்போ தருமபுரி மாவட்டம்னு போட்டிருந்தா 2004-க்கு முந்தினதுதானே சார்?” என்று கேட்பாள். கேட்கவேண்டும். கேட்டால் அந்த வகுப்பு ஜெயித்தது. ஏனென்றால் பதில், ‘இல்லை’. பழைய லேபிளைத் தீரும்வரை ஒட்டுகிற முதலாளி உண்டு. போர்டு மாற்றக் காசில்லாத கடைக்காரர் உண்டு. புதுப் பெயர் இருந்தால் அதற்குமுன் செய்திருக்க முடியாது; பழைய பெயர் இருப்பதால் அதற்குப்பின் செய்திருக்க முடியாது என்று சொல்ல முடியாது. பள்ளத்தில் கிடைக்கிற காசுக்கும் இதே தர்க்கம்தான். ராஜராஜன் காசு ஒரு அடுக்கில் இருந்தால் அந்த அடுக்கு ராஜராஜனுக்கு முந்தினதல்ல என்று மட்டும்தான் சொல்லலாம். அவர் காலத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. தாத்தா காலத்துக் காசை இடுப்பில் முடிந்துகொண்டு திரிந்த பேரன் தவறவிட்டிருக்கலாம். பெரிய பெரிய ஆட்களே மேடையில் தடுமாறுகிற தர்க்கம் இது. பிஸ்கட் பாக்கெட்டில் பன்னிரண்டு வயசில் பிடிபட்டுவிடும்.

இதற்குச் செலவு? ஸ்டிக்கர் வாங்குகிற காசு.

வெளியே போகிற வேலை வேண்டுமா, அதுவும் இருக்கிறது. இந்த வட்டாரம் நடுகல் சீமை. கங்கர், நுளம்பர், சோழர், ஹொய்சாளர், விஜயநகரம் என்று ஆள் மாற்றி ஆள் ஆண்ட எல்லைப்புறம். எல்லை என்றால் மாடு பிடிக்கிற சண்டை, மாடு மீட்கிற சண்டை, அதில் செத்தவனுக்குக் கல். ஏரிக்கரையில், புளியமரத்தடியில், புதிதாய் போட்ட வீட்டுமனை லே-அவுட்டின் ஓரத்தில் என்று நிற்கும். ஒரு கையில் வாள், ஒரு கையில் கேடயம், உடம்பில் தைத்த அம்பு. சிலவற்றில் மேலே தேவமாதர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அதற்கும் மேலே லிங்கம். சிலவற்றில் பக்கத்தில் ஒரு பெண். வளையல் போட்ட கையை உயர்த்தியிருந்தால் அவள் கூடவே தீயில் இறங்கியவள். வேடியப்பன் என்று பூஜை செய்கிற ஊர்களில் கல்லுக்குக் காவல் உண்டு. பூஜை இல்லாத கல் துணி துவைக்கப் போகும், அல்லது ஜே.சி.பி. வாயில் போகும்.

மேஸ்திரிக்கும் டிரைவருக்கும் அது கல். அந்த வழியாக தினமும் சைக்கிளில் போகிற எட்டாம் வகுப்புப் பையனுக்கு அது என்னவென்று தெரிந்திருந்தால் குறைந்தபட்சம் கத்தவாவது கத்துவான். தொல்லியல் துறைக்கு ஊருக்கு ஒரு ஆள் போட முடியாது. பள்ளிக்கூடம் ஊருக்கு ஊர் இருக்கிறது.

பிள்ளைகள் செய்யவேண்டியது தோண்டுவதல்ல. டேப் பிடித்து உயரம் அகலம் அளக்கட்டும். கட்டம் போட்ட தாளில் கல்லை வரையட்டும். போட்டோ எடுத்தால் போதாதா என்று கேட்காதீர்கள், வரைகிறபோதுதான் வலது கை எது இடது கை எது என்று கண் கேட்கும். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோவும் எடுக்கட்டும். எழுத்து மங்கலாக இருந்தால் சுண்ணாம்போ மாவோ பெயிண்ட்டோ பூசக்கூடாது; சாயங்காலம் வெளிச்சம் போனபிறகு ஒரு டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட கல்லை உரசினமாதிரி பிடித்தால், பகலில் மொழுக்கென்று இருந்த இடத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். மாயாஜாலம் மாதிரி இருக்கும், மாயாஜாலம் இல்லை. அப்புறம் ஊர்ப் பெரியவர்களிடம் அந்தக் கல்லுக்கு என்ன பெயர் என்று கேட்கட்டும். தமிழில் ஒன்று சொல்வார்கள், தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. ஓசூர்ப் பிள்ளைக்கு மூன்று மொழியும் காதில் விழுந்து வளர்ந்த பாஷை. பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற ஆராய்ச்சி மாணவருக்கு அந்த வசதி இல்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கிருஷ்ணகிரியில் இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதி.

நிஜமாகவே தோண்டவேண்டும் என்கிற ஆசைக்கும் உலகத்தில் ஒழுங்கான வழி இருக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூலமாக கரென்ஸா லூயிஸ் என்கிற தொல்லியல் அறிஞர் 2005-ல் ஒரு திட்டம் ஆரம்பித்தார். பள்ளி மாணவர்கள் கிராமத்தில் வீட்டுக்காரர் அனுமதியோடு கொல்லைப்புறத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரக் குழி போடுவார்கள். பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, சலித்து, எழுதி, பிறகுதான் அடுத்த பத்து. கூடவே நிபுணர்கள். இப்படிப் போட்ட இரண்டாயிரத்துக்கும் அதிகமான குழிகளின் ஓட்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2016-ல் ஒரு முடிவு வெளியிட்டார்: பதினாலாம் நூற்றாண்டுக் கொள்ளைநோய்க்குப் பிறகு அந்த ஊர்களில் பானை ஓட்டின் அளவு 45 சதவிகிதம் குறைந்திருக்கிறது. அத்தனை பேர் செத்திருக்கிறார்கள், ஊரே பாதி காலியாகியிருக்கிறது. பெரியவர்களும் கலந்துகொண்ட குழிகள் அவை என்றாலும் பாதி வேலை பள்ளிப் பிள்ளைகள் செய்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒன்றுமே கிடைக்காத குழிக்கும் அந்தக் கணக்கில் இடம் உண்டு. ஒன்றும் இல்லை என்பதும் ஒரு தகவல். நம்ம மஞ்சள் டீம் கணக்குப்படி அந்தக் குழிக்காரன் தோற்றவன்.

சரி, மணல் தொட்டியை இடித்துவிடலாமா? வேண்டாம், கட்டியாயிற்று. திருத்தினால் போதும். ஒரே மணலைக் கொட்டாமல் அடியில் செம்மண், நடுவில் சாம்பல் கலந்த மண், மேலே மணல் என்று மூன்று அடுக்கு போடுங்கள். அடியில் கருப்பு சிவப்புப் பானை, நடுவில் ஓட்டுச்சில்லு, மேலே பிளாஸ்டிக் மூடி. நூல் கட்டிக் கட்டம் பிரியுங்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு பேர் தோண்ட, இரண்டு பேர் எழுத. எடுத்ததற்கு மார்க் கிடையாது, எழுதியதற்குத்தான் மார்க். நடுவில் யாராவது ஆசிரியர் வேண்டுமென்றே ஓர் எலிவளை மாதிரி ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் மூடியை அடி அடுக்கில் இறக்கி வைக்கட்டும். அப்போது பிள்ளைகள் போடுகிற சண்டையைக் கேட்கவேண்டும்.

பாடப்புத்தகத்தைக் குறை சொல்லமாட்டேன். 2018-ல் வந்த ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் ‘வரலாறு என்றால் என்ன?’ என்றுதான் ஆரம்பிக்கிறது, சிந்துவெளி வருகிறது, தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள் வருகிறது, படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறமாதிரி இருக்கின்றன. ஆனால் கேள்வித்தாள் வருகிறபோது எல்லாம் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ ஆகிவிடுகிறது. நாற்பது நிமிஷ பீரியடில் அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு டீச்சர் எந்த ஏரிக்கரைக்குப் போவார்? அதனால்தான் கட்டணம் வாங்கி முகாம் நடத்த வசதியுள்ள தனியார் பள்ளிமேல் எனக்குக் கூடுதல் வருத்தம். அவர்களிடம் பஸ் இருக்கிறது, சனிக்கிழமை இருக்கிறது, பணம் இருக்கிறது.

முகாம் முடிந்து கிளம்புமுன் இதில் பாதியை அங்கேயே சொன்னேன். ஒரு லோடு எம்-சாண்டுக்கு ஆன காசில் டேப்பும் டார்ச்சும் கட்டத்தாளும் வாங்கினால் மூன்று வருஷத்துக்கு வரும் என்று கணக்கும் போட்டுக் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். பொறுப்பாளர் ஒருவர் நோட்டில் குறித்துக்கொண்டார். கடைசியில் அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“எல்லாம் சரி சார். தோண்டவே வேணாம்னா... பேரன்ட்ஸுக்கு போட்டோ என்னத்தை அனுப்பறது?”